ஜம்புலிங்கம் நட்ட பந்தக்கால்

மேஸ்திரி வேலைக்கு வரவே கூடாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது படாளத்து ஜம்புலிங்கம்தான். கை சுத்தமான கொத்து வேலை. அவன் எழுப்பிய சுவரில் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் வந்து அடக்கமாக நிற்கும். ஆட்களிடம் பேச்சும் பதமாக இருக்கும். குறை ஒன்றே ஒன்றுதான். தான் கட்டிய எதன் மீதும் அவனுக்கு நம்பிக்கை கிடையாது.

பஸ் பாலத்தின் மேல் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வான். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் இலையைப் பார்ப்பதற்கு முன் தலைக்கு மேல் உத்தரத்தைப் பார்ப்பான். பார்த்த பிறகும் சுவரோரமாக இடம் மாறி உட்காருவான். ஊருக்கெல்லாம் தளம் போட்டுக் கொடுத்தவன் தன் வீட்டுக்கு மட்டும் ஓலைதான் போட்டிருந்தான். கேட்டால், "ஓலை வுழுந்தா தட்டிகினு எழுந்துக்கலாம்பா" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சிரிக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அச்சரப்பாக்கத்தில் ஒரு நெல் மில் கட்டும் வேலைக்குப் போயிருந்தான். கூட்டாளி திருவேங்கடமும் அவனும் ஒரே தட்டில் சாப்பிட்டு ஒரே சாக்கில் படுத்த காலம் அது. ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு போட்டிருந்தார்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு தொங்குகிற தளத்துக்குக் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அந்தக் கம்பி அடியில் இறங்கிவிட்டால், தளத்தைப் பிடித்துக்கொள்ள ஆளில்லை. அங்கே இறங்கிவிட்டிருந்தது. பீடி பற்றவைக்க ஜம்புலிங்கம் நாலடி தள்ளி வந்தான். திருவேங்கடம் சன்ஷேடுக்கு அடியில் கொடுத்திருந்த முட்டுக்கட்டையைத் தட்டினான். பீடி பற்றுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து, கீழே முட்டு இல்லாமல் நிற்கும் எதைப் பார்த்தாலும் ஜம்புலிங்கம் நாலடி தள்ளித்தான் நிற்பான். இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பெண்டாட்டி சின்னப்பொண்ணு. மாமன் மகள், அவனிடமே சித்தாள் வேலை பார்த்தவள். சாரத்தில் ஒரு கையால் தலைச்சட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையை வீசிக்கொண்டு நடப்பாள். அவள் இறங்கி வரும்வரை இவன் கீழே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அவனுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. திருவிடந்தைக்குத் தெற்கே, மகாபலிபுரம் போகிற ரோட்டோரம், சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல்வெளி. சுற்றுவட்டாரத்துக் குப்பங்களுக்கும் கிராமங்களுக்கும் பொதுவாக அங்கே ஒரு நூலகம் கட்ட ஒரு தர்ம ஸ்தாபனம் முன்வந்தது. வரைபடம் போட்டவர் பார்த்தசாரதி. பட்டணத்துக்காரர், அமெரிக்காவில் படித்துவிட்டு வந்தவர். அங்கே மலையும் கிடையாது, மேடும் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும் கோதுமையுமாகத் தட்டையாகக் கிடக்கிற ஒரு சீமையாம். அந்தச் சீமையில் ஒரு கட்டடப் பாணி. வீடு உயர்ந்து நிற்காது, நிலத்தோடு நிலமாக நீண்டு படுத்திருக்குமாம். அதைத்தான் அவர் இந்த மணலுக்குக் கொண்டுவந்திருந்தார்.

பக்கத்திலேயே ஓலை வீடு போட்டுக் குடிவந்த ஜம்புலிங்கத்தை முதல் நாளே அழைத்துப்போய்க் கடலைக் காட்டினார். "பாருங்க மேஸ்திரி. கடல் படுத்துகிட்டிருக்கு, மணல் படுத்துகிட்டிருக்கு. நம்ம கட்டடம் மட்டும் எதுக்கு எழுந்து நிக்கணும்? இந்த மண்ணுல தானா முளைச்ச மாதிரி இருக்கணும்."

"மொளைக்கட்டும் சார்" என்றான் ஜம்புலிங்கம். புளூ பிரிண்டை அதற்குள் பார்த்துவிட்டிருந்தான். "முட்டு எங்க சார்?"

நியாயமான கேள்விதான். படத்தில் கட்டடத்தின் நடுவே ஒரு பெரிய கருங்கல் சுவர் இருந்தது. அந்தச் சீமையில் குளிருக்காக வீட்டின் நடுவில் கணப்பு வைப்பார்களாம். நம் ஊர் வெயிலுக்கு நெருப்பு எதற்கு என்று கல்லை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். அதில் முதுகைச் சாய்த்துக் குளிர்ச்சியாக உட்கார்ந்து படிக்கலாம். அந்தக் கல்லிலிருந்து நாலு பக்கமும் கைகளை நீட்டினாற்போல் அறைகள். கூரைக்கு அடியில் வரிசையாக ஜன்னல்கள். கட்டடத்தின் மூலையில் சுவருக்குப் பதில் கண்ணாடி. இவ்வளவையும்கூட ஜம்புலிங்கம் பொறுத்துக்கொள்வான். ஆனால் கூரை சுவரோடு நிற்கவில்லை. சுவரைத் தாண்டி வெளியே ஆள் படுக்கிற நீளத்துக்கு மேல் நீண்டு, தாழ்வாக, கையைத் தூக்கினால் தொடுகிற உயரத்தில், ஒரு தூண்கூட இல்லாமல் அந்தரத்தில் நின்றது.

"இது சன்ஷேடு இல்ல சார். பாதி வூடு வெளிய தொங்குது."

"தொங்கல, மேஸ்திரி. நடுவுல இருக்கற கல்லு அதைப் பிடிச்சுகிட்டிருக்கு. கையை நீட்டினா உங்க தோள் பிடிச்சுக்கலையா?"

ஜம்புலிங்கம் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தோள் வலிக்கத்தான் செய்தது.

கான்கிரீட் போட்ட நாளில் அவன் போட்ட கூச்சல் கடலில் இருந்தவர்களுக்குக்கூடக் கேட்டிருக்கும். கம்பிக்கு மேலே பலகை பரப்பி, பலகையில்தான் கால் வைக்க வேண்டும் என்று உத்தரவு. "கம்பிய மெரிக்காதீங்கடி! மெரிக்காதீங்கடி!" என்று தொண்டை கட்டக் கட்டக் கத்தினான். "உங்கூட்டுக்காரருக்கு இன்னாடி ஆச்சு?" என்று மற்ற சித்தாள்கள் கேட்டதற்கு, "அந்த ஆளுக்குப் பொறந்ததுலேர்ந்தே இப்டித்தான்" என்றாள் சின்னப்பொண்ணு. கம்பி ஒரு நூல்கூட இறங்கவில்லை. அவ்வளவு சுத்தமாக அந்த வட்டாரத்தில் யாரும் தளம் போட்டதில்லை. அது அவனுக்கே தெரியும். தெரிந்து என்ன, பயத்துக்குக் காது ஏது?

முட்டு பிரிக்கும் நாள் வந்தது. தொங்குகிற தளத்துக்கு நுனியிலிருந்து ஆரம்பித்துச் சுவரை நோக்கிப் பிரித்துக்கொண்டே வர வேண்டும். அப்படியே பிரித்தார்கள். பார்த்தசாரதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூரை நுனிக்கு அடியிலேயே நின்றார். கடைசி முட்டும் போனது. கூரை நின்றது. நின்றதே தவிர, நுனி ஒரு துளி தாழ்ந்தது. விரல்கடை அளவுகூட இருக்காது. ஜம்புலிங்கத்தின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

"கொஞ்சம் தாழத்தான் செய்யும். கட்டடம் மூச்சு விடுது" என்றார் பார்த்தசாரதி.

விடுவது கடைசி மூச்சாக இருந்தால் என்ன செய்வது என்று ஜம்புலிங்கம் கேட்கவில்லை. ஆனால் அன்று சோறு இறங்கவில்லை.

அதோடு போயிருந்தால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பான். ஆனால் நூலகர் சம்பத்துக்கு ஒரு ஆயா தேவைப்பட்டது. கட்டடத்தைப் பெருக்கி, தண்ணீர் பிடித்து வைத்து, புத்தகங்களைத் துடைக்க ஆள். சின்னப்பொண்ணு போய்க் கேட்டாள், கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னபோது ஜம்புலிங்கத்தின் முகம் செத்துவிட்டது.

"வேணாமே. அந்தக் கட்டடத்துல வேணாம்."

"இன்னாத்துக்கு வேணாம்? நீ கட்னதுதானே?"

"அதுக்குத்தான் வேணான்றேன்."

"கல்லு மண்ணு தூக்கி இடுப்பு வுட்டுப்போச்சு மாமா. நெழல்ல நின்னு பெருக்குற வேல இது. வேணான்றியே, வேற எங்கனா வாங்கிக் குடுப்பியா?"

வாங்கிக் கொடுக்க அவனால் முடியாது. விடிந்து எழுந்தால் பெண்டாட்டி அந்தக் கூரைக்கு அடியில் நிற்பாள், பொழுது சாயும் மட்டும் நிற்பாள் என்ற நினைப்பு அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கண்ணை மூடினால் திருவேங்கடம் முட்டைத் தட்டுகிறான். தூசு அடங்குகிறது. கீழே கிடப்பது திருவேங்கடம் இல்லை, சின்னப்பொண்ணு.

தை மாதம் திறப்பு விழா வைத்தார்கள். வாசலில் பந்தல் போட வேண்டும், பந்தலுக்கு முதலில் பந்தக்கால் நட வேண்டும். அங்கேதான் ஜம்புலிங்கத்துக்கு மூளை வேலை செய்தது. மனுஷன் வாழ்க்கையில் செய்த ஒரே தந்திரம் அது. பந்தக்காலை நானே நடுகிறேன் என்று முன்வந்தான். வழக்கமாக நடும் மூங்கிலை விட்டுவிட்டு, தோப்பிலேயே தடித்த சவுக்கு மரமாகப் பார்த்து வெட்டிவந்தான். கூரையின் கடல் பக்கத்து மூலையில், நுனிக்கு நேர் கீழே, தட்டைக் கல் ஒன்றைப் போட்டு, அதன் மேல் காலை நிறுத்தினான். தலை கூரையின் அடியைத் தொட்டது. அடியில் இரண்டு ஆப்பைச் செருகி, யாரும் பார்க்காத நேரம் சுத்தியலால் இறுக்கினான். பிறகு மாவிலை கட்டி, நவதானிய முடிச்சு கட்டி, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தான்.

"பந்தக்கால் இவ்வளவு தடியாவா இருக்கும்?" என்று சம்பத் கேட்டார்.

"கடல்காத்து சார்" என்றான் ஜம்புலிங்கம்.

விழா முடிந்தது. பந்தலைப் பிரித்தார்கள். பந்தக்காலை உடனே பிடுங்கக்கூடாது, ஒரு மண்டலம் போகட்டும் என்றான். மண்டலம் போனது. பிடுங்கும் பாவத்தை யார் தலையில் போட்டுக்கொள்வது? சம்பத்துக்குத் தைரியம் இல்லை. குப்பத்துப் பெண்களோ அதற்குள் அதன் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் காலுக்குப் புது மஞ்சள் ஏறியிருக்கும். யார் பூசியது என்றால் ஒருவருக்கும் தெரியாது. வரைபடம் போட்ட பார்த்தசாரதியோ பெங்களூரில் வேறு ஏதோ பெரிய வேலையாகப் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஜம்புலிங்கம் மறுபடியும் தூங்க ஆரம்பித்தான். வேலை முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்ப்பான். சின்னப்பொண்ணு பெருக்கி முடித்துவிட்டு அந்தக் காலுக்குப் பக்கத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்து, துடைப்பத்தைச் சீர்பார்த்துக்கொண்டிருப்பாள். கட்டடத்திலேயே பத்திரமான இடம் அதுதானே என்று இவனுக்கு மனசு குளிர்ந்துவிடும். "அங்கயே ஒக்காரு. அங்கதான் காத்து நல்லா வரும்" என்று சொல்லிவிட்டுக்கூடப் போவான். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். மறுபடி துடைப்பத்தைச் சீர்பார்ப்பாள்.

ஆடி பிறந்த சமயம், கூரையின் அடிப்பக்கத்தில் அவன் ஒரு கோட்டைப் பார்த்தான். பந்தக்காலுக்கும் சுவருக்கும் நடுவில், தலைமுடி ஒன்று ஒட்டிக்கொண்டாற்போல் இருந்தது. துடைத்துப் பார்த்தான். போகவில்லை. விரிசல்.

உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. நினைத்தது நடந்துவிட்டது, கூரை கீழே வரப்போகிறது. நல்ல வேளை, கால் இருக்கிறது! ஆப்பை இன்னும் இரண்டு அடி அடித்து இறுக்கினான். சில நாள் கழித்துப் பார்த்தால் கோடு தடித்திருந்தது. இன்னும் இரண்டு அடி. கோடு நீண்டது. அடிக்க அடிக்க விரிசல் வளர்ந்தது, விரிசல் வளர வளர அவன் அடித்தான். யாரிடமாவது சொல்லலாம்தான். சொன்னால் மேஸ்திரி கட்டிய கூரை வெடித்துவிட்டது என்று ஆகும். சின்னப்பொண்ணை வேலைக்குப் போகாதே என்றால் ஏன் என்பாள். ஏன் என்று சொன்னால் அவள் வாசலில் நின்று ஊரைக் கூட்டிவிடுவாள் என்று அவனுக்குப் பயம். எங்கே திரும்பினாலும் பயம்தான். கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நூலகத்துக்குள் ஒழுகியது. சம்பத் வாளி வைத்தார், வாளி போதாமல் அண்டா வைத்தார், அப்புறம் அலமாரியையே நகர்த்தினார். ஜம்புலிங்கம் ஏணி போட்டு மேலே ஏறிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். கூரையின் மேல் ஒரு குளம் நின்றது. மழைநீர் நுனியில் வழிந்து மணலில் விழும்படி அவனே ரசமட்டம் வைத்து வாட்டம் கொடுத்த தளம் அது. தண்ணீர் நுனிப் பக்கம் போகாமல் நடுவில் தேங்கி நின்றது. அந்தக் குளத்தின் பாரத்தை நினைத்தான். அதற்கு நேர் கீழே துடைப்பத்தோடு உட்கார்ந்திருக்கிறவளை நினைத்தான். இறங்கி வந்து, வேறு என்ன செய்வான், ஆப்பைத்தான் அடித்தான்.

மறுநாள் விடிகாலையிலேயே ரேடியோவில் புயல் என்றார்கள். பொழுது சாய்வதற்குள் வானம் கறுத்து, அலை குப்பத்து ஓலை வீடுகளின் வாசல்வரை வந்து போனது. சுற்றுவட்டாரத்தில் தளம் போட்ட கட்டடம் நூலகம் ஒன்றுதான். குழந்தை குட்டி, மூட்டை முடிச்சு, கோழிக்கூடை சகிதம் ஜனங்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். உள்ளே இடம் போதாமல் பாதிப் பேர் வெளியே, நீண்ட கூரைக்கு அடியில் ஒதுங்கினார்கள். பார்த்தசாரதி ஆசைப்பட்டதெல்லாம் இதுதான், கூரை கையை நீட்டி ஊரையே அணைத்துக்கொள்ள வேண்டும் என்று. ஜம்புலிங்கம் மழையில் நனைந்துகொண்டே அதைப் பார்த்து நின்றான். திருவேங்கடம் ஒருவன் போனதற்கே அவன் பாதி உயிராகத் திரிகிறான். இங்கே ஒரு ஊரே நிற்கிறது.

"வெளிய நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க!" என்று கத்தினான்.

"உள்ள எங்க எடம் கீது? உனுக்கின்னா பைத்தியமா நைனா?" என்றாள் எல்லம்மாள். மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்காத குப்பத்துக்காரி, அவளிடம் பேசி ஜெயித்தவர் கிடையாது.

அந்த நேரத்தில்தான் ரோட்டில் பஸ் நின்றது. மடங்கிப்போன குடையோடு பார்த்தசாரதி இறங்கி ஓடிவந்தார். புயல் செய்தி கேட்டுப் பெங்களூரிலிருந்து கிளம்பியவர். முழுக்க நனைந்திருந்தார். கூரையைப் பார்த்தார். பந்தக்காலைப் பார்த்தார். கிட்டே போய் அடியில் இருந்த ஆப்பைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"இதை யார் வெச்சது?"

ஜம்புலிங்கம் சவுக்குத் தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தான். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பந்தக்காலுக்குப் பக்கத்தில், எப்போதும் உட்காரும் இடத்தில், சின்னப்பொண்ணு உட்கார்ந்திருந்தாள்.

"நான்தான் சார்" என்றான். "வுழுந்துடப்போதுன்னு வெச்சேன் சார்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "மேஸ்திரி, நான் சொல்றதைக் கேளுங்க. இந்தக் கூரைக்குப் பலம் மேல்பக்கம் இருக்கு. கம்பி எல்லாம் மேலதான் கட்டினோம், ஞாபகம் இருக்கா? நீங்க நுனியைக் கீழிருந்து தூக்கிட்டீங்க. தூக்கினதும் பாரம் நடுவுல அடிப்பக்கமா இறங்குது. அங்க கம்பியே கிடையாது, அதான் வெடிக்குது. நுனி தூக்கினதால தண்ணியும் வழியாம நிக்குது. இன்னும் ரெண்டு மணி நேரம் இப்படியே மழை பேஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. இந்தக் காலை எடுக்கணும். இப்பவே."

ஜம்புலிங்கத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும், நின்ற மணல் காலுக்கடியில் நழுவியது. கூரையை உடைத்துக்கொண்டிருந்தது காற்றும் இல்லை, மழையும் இல்லை. அவன் சுத்தியல்.

"எடுத்தா நிக்குமா சார்? சத்தியமா நிக்குமா?"

"நிக்கும்னுதான் கணக்கு."

"உங்களுக்குப் பயமே இல்லியா சார்?"

"பயம் இல்லாமலா பெங்களூர்லேர்ந்து ஓடிவந்தேன்? என் தலைக்கு மேல இருந்தா பரவாயில்ல, மேஸ்திரி. இது ஊர் தலைக்கு மேல இருக்கே" என்றார் அவர்.

ஜனங்களை எல்லாம் கருங்கல் சுவர்ப் பக்கம் நெருக்கித் தள்ளினார்கள். பந்தக்காலைப் பிடுங்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எல்லம்மாள் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். புயல் வருகிற நேரத்தில் மஞ்சள் பூசிக் கும்பிட்ட காலைப் பிடுங்கினால் குப்பமே அழியும் என்று மார்பில் அடித்துக்கொண்டாள். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பார்த்தசாரதி சொன்ன கணக்கு அங்கே எடுபடவில்லை. சம்பத் பெண்கள் பக்கமா, அவர் பக்கமா என்று தெரியாமல் புத்தக அலமாரிப் பக்கமாக நின்றார்.

சின்னப்பொண்ணு எழுந்தாள். "அக்கா, வழி வுடு. அது பந்தக்கால் இல்ல. முட்டு."

எல்லம்மாள் வாயைத் திறந்தபடி நின்றாள். ஜம்புலிங்கமும்தான்.

"சித்தாளா இருந்தவ நானு. முட்டுக்கும் பந்தக்காலுக்கும் வித்தியாசம் தெரியாதா? பந்தக்காலுக்கு எவனாவது ஆப்பு அடிப்பானா?"

வழி கிடைத்தது. ஆப்பைத் தட்டினால் கால் சாயும், சாயாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்த்தசாரதி முன்னால் வந்தார். அதற்குள் சின்னப்பொண்ணு சவுக்குக் காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போமே. உள்ள போ. சார் புடிச்சிக்குவாரு."

"தட்டுயா நீ."

"சின்னப்பொண்ணு, உன் கால்ல வுழறேன். போ."

"மழ கொட்டுது மாமா. தட்டு."

ஜம்புலிங்கம் மணலில் மண்டியிட்டான். கண்ணெதிரே ஆப்பு, ஆப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய பாதங்கள், பித்தவெடிப்பும் மெட்டியுமாக. திருவேங்கடத்தின் பாதங்களும் இப்படித்தான் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. அவன் சாமியைக் கூப்பிட நினைத்தான், ஒரு சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. அதிசயமாகக் கை மட்டும் நடுங்கவில்லை. அடித்தான். ஆப்பு அசைந்தது. இன்னொரு அடி. மூன்றாவது அடியில் ஆப்பு தெறித்துப் பறந்தது.

மேலே ஏதோ முனகியது. கூரை நுனி கீழே இறங்கியதை அவன் தலை உணர்ந்தது. அடுத்த கணம் இடி விழுந்தாற்போல் ஒரு சத்தத்தோடு எல்லாம் அவர்கள் மீது வந்து விழுந்தது. "ஐயோ!" என்று அலறி ஜம்புலிங்கம் பெண்டாட்டி மேல் பாய்ந்து அவளை மணலில் தள்ளி, தன் உடம்பால் மூடிக்கொண்டான். முதுகில் அடி விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது. மூச்சு முட்டியது. இதுதான் சாவு, திருவேங்கடத்துக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தான்.

"எழுந்துருயா. தண்ணி" என்றது அடியிலிருந்து ஒரு குரல்.

தண்ணீர்தான். கூரை மேல் தேங்கியிருந்த குளம் நுனி தாழ்ந்ததும் ஒரே பாட்டமாகக் கொட்டியிருந்தது. சவுக்கு மரம் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. கூரை, அந்த நீளக் கூரை, யாரும் பிடிக்காமல், கோடு போட்டாற்போல் கடலுக்கு நேராக நின்றது. நுனியெல்லாம் மழைநீர் ஒழுங்காக வழிந்துகொண்டிருந்தது. பார்த்தசாரதி கருங்கல் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் சிரித்தாரா, அழுதாரா என்பதைச் சம்பத்தால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. எல்லம்மாள் முதல் ஆளாக வெளியே வந்து கூரைக்கு அடியில் நின்று மேலே பார்த்தாள். பிறகு மீன் கூடையைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

ஜம்புலிங்கம் மணலிலேயே உட்கார்ந்திருந்தான். சின்னப்பொண்ணு கூந்தலைப் பிழிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொதல்லயே தெரியுமா உனுக்கு?"

"பந்தல் போட்ட அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சிகினுமா அங்க போய் ஒக்காந்த?"

"தெரிஞ்சதாலதான் ஒக்காந்தேன்" என்றாள் அவள். "நீ ஒரு எடத்துல முட்டு வெச்சா, அது வுழப்போற எடம்னு எனக்குத் தெரியாதா? பசங்க ஓடிவந்து அங்கதான் ஒக்காரும், நெழலா கீதுன்னு. நான் ஒக்காந்துகினா வேற யாரும் வந்து ஒக்கார மாட்டாங்கல்ல?"

"பயமா இல்லியா?"

"இல்லாமலா? தெனம் வூட்டுக்கு வந்து சேர்ற வரைக்கும் பயந்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேடி."

"கேட்டா, ஆமா, தப்பாக் கட்டிட்டேன்னு சொல்லிடுவ. அப்பறம் வெளிய தல காட்டுவியா நீ? கேக்காத வரைக்கும் அது பந்தக்காலாவே இருக்கும்ல."

ஜம்புலிங்கம் ஓரமாகக் கிடந்த சவுக்கு மரத்தைப் பார்த்தான். தை மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும், அவளைக் காப்பாற்ற நட்ட காலுக்கு அடியில், விழும் என்று தெரிந்தே அவள் உட்கார்ந்திருந்தாள். அங்கேயே உட்கார், காற்று நல்லா வரும் என்று அவனே வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஆப்பைத் தட்டியபோது நடுங்காத கை, கூரை விழாது என்று ஊருக்கே தெரிந்துவிட்ட பிறகு, அவளுடைய ஈரப் புடவை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் லேசில் நிற்கவில்லை. அவள் அவன் கையை உதறவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.